எட்டு நொடி

ஞாயிறு, மாலை ஐந்து மணி
என்றுதான் டிக்கெட்டில் அச்சடித்திருந்தது.
சனி இரவு பத்துக்கு மேல்
போனில் ஒரு வரி வந்தது:
திங்கள், இரவு ஏழரை,
ஒளிபரப்புக் காரணங்களுக்காக.

காரணங்கள் என்று பன்மையில் போட்டிருந்தார்கள்.
ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அமுலு அக்கா அப்போதுதான்
நாலு படி கொண்டைக்கடலை ஊறப்போட்டிருந்தாள்.
குண்டானைப் பார்த்தபடி கேட்டாள்:
"இப்ப வடிச்சிட்டா திரும்பக் காய்ஞ்சிடுமாடா?"
ஞாயிற்றுக்கிழமை கல்யாணபுரத்தில்
எங்கள் சந்து முழுக்கச் சுண்டல்.
மேட்ச் இல்லாத சுண்டலில்
உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

திங்கள்.
மோசஸுக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்ட்.
எஸ்தருக்கு விடிந்தால் கெமிஸ்ட்ரி பரீட்சை.
எங்கள் வரிசையில் எப்போதும் முதலில் எழுகிறவள் அவள்;
கொடியை மட்டும் மடித்துக் கொடுத்தனுப்பினாள்.
நாற்பது பேர் நடந்து போகிற வழியில்
அன்று பதினோரு பேர்.
ஒரு டீமுக்குச் சரி,
சப்ஸ்டிட்யூட்டுக்கு ஆளில்லை.

பெரியமேட்டில் உள்ளே போய்
எங்கள் மூலையில் தேசிங்கு டிரம்மை இறக்குவதற்குள்
கழுத்தில் அட்டை தொங்கும் தம்பி ஒருவன் ஓடி வந்தான்:
"அண்ணா, எதிர் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க,
கேமராவுல அதான் விழும்.
கொஞ்சம் எடம் உட்டு உட்டு ஒக்காருங்க,
ரொம்பிருக்குற மாதிரி தெரியும்."

ஏழு வருசம் அடித்த மூலை.
எந்த அடிக்கு எந்தத் தூண் திருப்பிப் பேசும் என்று
தேசிங்குக்குத் தெரியும்.
புது ஸ்டாண்டில் முதல் அடியை அடித்துவிட்டு
காதைக் கொடுத்துக் காத்திருந்தான்.
ஒன்றும் வரவில்லை.

முப்பதாவது நிமிடம் ஆட்டம் நின்றது.
யாருக்கும் அடிபடவில்லை.
ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு
கோட்டோரம் நின்ற ஒருவரின் கையையே பார்த்திருந்தார்.
பந்து நடுவில் தனியாகக் கிடந்தது,
அப்பா கடைக்குள் போனதும்
வாசலில் நிற்கும் பிள்ளை மாதிரி.
வீட்டில் இருந்தவர்களுக்கு அப்போது
சிமெண்ட் விளம்பரம் ஓடியதாம்.
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எண்பத்தாறாவது நிமிடம்.
வலது ஓரத்திலிருந்து ஒரு தாழ்ந்த பந்து,
எங்கள் ஏரியாப் பையனின் இடது முட்டியில் பட்டு,
ஆமாம், முட்டிதான், அழகாக ஒன்றுமில்லை,
உள்ளே போனது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது.
மோசஸுக்குத் தெரியும்.
சட்டைப்பையில் லைனில் இருந்தான்.

துறைமுக கேட்டுக்கு எதிரே டீக்கடை.
கடை டிவியில் பந்து இன்னும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.
இவன் கிளாஸை வைத்துவிட்டுக் குதித்திருக்கிறான்:
"கோலு!"
லாரிக்காரர்கள் திரும்பி இவனைப் பார்த்தார்கள்,
டிவியைப் பார்த்தார்கள்,
டீ மாஸ்டர் பாய்லரை மூடினார்.
அங்கே நம் பையன் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறான்,
கோல்கீப்பர் நிம்மதியாகக் கையுறையைச் சரிசெய்கிறான்.
எட்டு நொடி. மோசஸ் எண்ணினானாம்.
அப்புறம் டிவியும் ஒப்புக்கொண்டது.
"குறி கேக்க இன்னும் ரெண்டு பேர் நிக்கறாங்க மச்சான்,
நாளைக்கு லாட்டரி நம்பர் வேணுமாம்."

நாளை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம்,
எங்களைத் தூக்கி எதிரில் வைக்கலாம்.
இந்த எட்டு நொடி மட்டும்
இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை.
வந்துவிடும் என்கிறான் தேசிங்கு.
அவன் எப்போதும் அப்படித்தான்.

ரயில் போய்விட்டிருந்தது.
பேசின் பிரிட்ஜ் மேல் ஏறி நடந்தோம்.
தூறல் போட்டதும் எஸ்தரின் கொடியை
டிரம்முக்குப் போர்த்தினான்.
புளியந்தோப்பு தாண்டும்போது போன் மினுங்கியது:
அடுத்த ஆட்டம், தேதி பின்னர் அறிவிக்கப்படும்.

"வறுத்த கடலைக்கு மாறிடுக்கா," என்றேன்,
"ஊற வைக்கிற வேலையே இல்ல."
காலிக் குண்டானை இடுப்பு மாற்றிக்கொண்டு
அமுலு அக்கா சொன்னாள்:
"அவங்க தேதி சொல்லட்டும், சொல்லாம போவட்டும்.
நான் சனிக்கெழம ஊறப்போடுவேன்."