ஊருக்குள் மட்டும்

ஓடகார்ட் கேட்டது ஒரே கேள்விதான்:
"இந்த வண்டி எதை இழுக்கிறது?"

தேன்பெட்டி, என்றேன்.
மே பிறந்தால் நாற்பது நாற்பதாக.
ஆகஸ்டில் டிரம் டிரம்மாகத் தேன்.
நடுவில் குதிரைமசால் வயலிலிருந்து சூரியகாந்திக்கு
ராத்திரியோடு ராத்திரியாக;
பகலில் வீடு மாற்றினால்
பாதிக் குடும்பம் வெளியே போயிருக்கும்.

"பனிக்காலத்தில்?"

பெட்டிகள் கலிபோர்னியாவுக்குப் போய்விடும்,
பாதாம் தோப்புக்கு, வேறொருவர் லாரியில்.
வண்டி சும்மா நிற்கும்.
தம்பி வெர்லின் எப்போதாவது எடுப்பான்.
ஊருக்குள் மட்டும்.

ஜாக்கி ஏறியது.
பின்னால் இரட்டைச் சக்கரம், ஆறு டயர் வண்டி.
வெளி டயர் கழன்று வந்ததும்
இரண்டுக்கும் இடையில் சிக்கியிருந்த கல் ஒன்று
சிமெண்டுத் தரையில் விழுந்து
என் பூட்ஸ் வரை உருண்டது.

சிவப்பு.

ஜேம்ஸ்டவுன் பக்கம் சரளை என்றால் சாம்பல் நிறம்.
சிவப்புக் கல் மேற்கே.
மண்ணுக்கடியில் நிலக்கரி தானாகப் பற்றி எரிந்து
மேலிருந்த களிமண்ணைச்
சூளை வைத்ததுபோல் சுட்டுவிட்ட பூமி அது.
எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் பாதையெல்லாம்
அதைத்தான் உடைத்துப் பரப்பியிருக்கிறார்கள்.
போக இருநூறு மைல். வர இருநூறு.

ஓடகார்ட் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.
டயரை மட்டும் திருப்பிக் காட்டினார்:
இரண்டு ஓரமும் மழித்த கன்னம்,
நடுவில் மட்டும் கொஞ்சம் பல்.
"காற்று குறைந்தால் இப்படித் தேயும்" என்றார்.
"ஆனால் காற்று சரியாக இருக்கிறது."
மீதியை நானே கூட்டிக்கொள்ளும்படி விட்டுவிட்டு
பக்கச்சுவரில் விரலை வைத்தார்.
அங்கே ஒரு கொப்புளம், பட்டாணி அளவு.
உள்ளே இழை அறுந்திருக்கிறது.

இரண்டு மாதமாக வெர்லின்
என்னிடம் கடன் கேட்கவில்லை.
அதை நல்ல சேதி என்று
அத்தையிடம்கூடச் சொல்லியிருந்தேன்.

மூன்று டயர் எடுத்து வைத்தார்.
ஒன்று மெதுவான ரப்பர். மழையில் பிடிக்கும்,
சரளை அதைக் கொத்தித் தின்னும்.
ஒன்று பாதி விலை. அடிவிளிம்பில் நான்கு இலக்கம்
பிறந்த வாரமும் வருஷமும் சொன்னது:
ஒரு மைல்கூட ஓடாமல்
அலமாரியிலேயே ஐந்து வயது.
மூன்றாவதைத் தூக்கவே அவர் மூச்சு வாங்கினார்.
தார்ச்சாலையில் ஊளையிடும், டீசல் குடிக்கும்,
கல் வெட்டினாலும் பிய்யாது.

"தேனுக்கு முதலாவது தாராளம்" என்றார்.
விற்கத் தெரியாத மனுஷர்.

குனிந்து படித்தேன்.
ஒற்றையாகப் பூட்டினால் தாங்குவது
மூவாயிரத்து எண்பத்தாறு பவுண்டு.
இரட்டையாகப் பூட்டினால் ஒவ்வொன்றும்
இரண்டாயிரத்து எண்ணூற்று முப்பத்து மூன்று.
ஜோடி இருந்தால் கூடத்தானே வேண்டும்?
"ஒன்று லேசாக இளைத்தால் போதும்,
பாரம் அப்படியே மற்றதன்மேல் சாயும்.
அதை முன்கூட்டியே கழித்துவிடுவார்கள்."

எங்கள் வீட்டில்
யாரும் கழிக்கவில்லை.

மூன்றாவதில் ஆறு, என்றேன்.
தேனுக்கா என்று அவர் கேட்கவில்லை.
அடுத்த மாதம் வாங்கவிருந்த
தேன் பிழியும் எந்திரம்
ரசீதில் கையெழுத்தாக இறங்கியது.

கிளம்பும்போது ஜன்னலைத் தட்டினார்:
"ஐம்பது மைல் ஓடியதும் நிறுத்தி
நட்டுகளை ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.
புதுச் சக்கரம் உட்காரும்போது தளரும்."

வீட்டில் சாவியை அதே ஆணியில் மாட்டினேன்.
ஓட்டுநர் இருக்கையில் ஒரு தாள்,
பறக்காமலிருக்க அதன்மேல் சிவப்புக் கல்.

வெர்லின்,
ஐம்பது மைல் தாண்டினால் நிறுத்து.
நட்டு ஒவ்வொன்றையும் மறுபடி முறுக்கு.
ஸ்பானர் இருக்கைக்கு அடியில்.
ஊருக்குள் மட்டும் என்றால்
தேவையில்லை.