பதினேழு சதவீதம்

நீடாமங்கலம் கூட்டுறவு வங்கியில்
மேலாளர் அறைக்கு வெளியே
என் படம் ஒன்று தொங்குகிறது.
முக்கால்வாசி வானம்.
அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வயல்,
வெண்ணாற்றங்கரை நாணல் நாலைந்து.
இந்த ஊரில் அப்படித்தான் வரைய முடியும்.
மலை கிடையாது.
எழுந்து நிற்பதெல்லாம் மேகம்தான்.

ஐப்பசியில் வரைந்தது.
நாற்று வேர் பிடித்திருந்த வாரம்.
ஈரத்தில் எனக்கும் ஒரு கணக்கு உண்டு:
தாள் மினுங்கும்போது தூரிகை வைத்தால்
கருநீலம் ஊர்கோலம் போய்விடும்,
காய்ந்தபின் வைத்தால் விளிம்பு வெட்டும்.
நடுவே ஒரு மூச்சு நேரம்.
அதற்குள் மேகத்தின் வயிற்றை இறக்கினேன்,
சந்தோஷமாகத்தான்.

மாசியில் மேலாளர் ஜெபமணி கூப்பிட்டார்.
"டீச்சர், படத்தை எடுத்துக்கிறீங்களா?
யாரும் அதுக்குக் கீழ உட்கார மாட்டேங்குறாங்க."

போய்ப் பார்த்தேன்.
பெஞ்சின் ஒரு கோடியில் ஐந்து பேர் நெருக்கியடித்து.
படத்துக்கு நேர் கீழே
ஓர் ஆள் அகலத்துக்குக் காலி,
கூரை ஒழுகும் இடத்தைப் போல.

வைரக்கண்ணு என்றார் ஒருவர் தன் பெயரை.
"கொள்முதல் நிலையத்து வாசல்ல
எட்டு நாளா கெடக்கு என் நெல்லு.
பதினேழுக்கு மேல ஈரம்னா அள்ளிட்டுப் போங்குறான்.
நேத்து இருபத்தொண்ணு காட்டுச்சு.
தார்ப்பாயைப் போடுறதும் எடுக்குறதுமா
கை கொப்புளிச்சுப் போச்சு.
இதே மேகம்தாம்மா. இதே கறுப்பு.
எங்க தலைக்கு மேல நின்னதை
நீங்க எப்பப் பாத்தீங்க?"

ஐப்பசி என்று சொல்ல வாயெடுத்தேன்.
அப்போதுதான் வயலைப் பார்த்தேன்.
பச்சைக்கு மேல்
ஒரு பூச்சு மஞ்சள்.
கருநீலத்துக்கு எடுப்பாக இருக்குமென்று
அழகுக்காகப் போட்டது.
விளைந்து சாயும் கதிராகி
நான் அறியாமல் மாசி வந்திருக்கிறது.

மேகத்தை அழிக்க முடியாது.
அதன் வெள்ளையை நான் வரையவே இல்லை,
சுற்றி வானத்தைப் பூசிவிட்டு
தாளை அங்கே சும்மா விட்டதுதான்.

கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன்.
தண்ணீர்ப் பானையில் ஒரு டம்ளர் மொண்டு
பஞ்சால் மஞ்சளை ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
பச்சையைத் தொட்டு
நாற்றின் உயரத்துக்கு வயலைத் தணித்தேன்.
மேகத்தில் கை வைக்கவில்லை.

வைரக்கண்ணு எழுந்து வந்து
கிட்டே குனிந்து பார்த்தார்.
வெளியே வானம்
அப்படியே நின்றிருந்தது.

"இப்ப பெய்யலாம்" என்றார்.
பிறகு, வாசலைப் பார்க்காமல்,
"இதுல மட்டும்."