அளவு நூல்

டோக்கன் என்று பெயர் வைத்தது நானில்லை.
லாட்ஜில் தங்கியிருந்த யாரோ.
விடிகாலை நாலு மணிக்கு
பெரிய ஆஸ்பத்திரி வரிசைக்குப் போகிறவர்களோடு
கூடவே போய், கூடவே நின்று,
கதவு திறந்ததும் திரும்பி வந்துவிடும்.
அதனால் வந்த பெயர்.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை
வலது பின்னங்கால்
டீயில் ஊறிய பன் மாதிரி இருந்தது.
காயமில்லை, முள்ளில்லை, பல் பட்ட தடமில்லை.
அழுத்தினால் விரல் அளவுக்குக் குழி.
குழி மேலே வர
ஒன்பது எண்ண வேண்டியிருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில்
எங்களுக்கு முன்னால் ஒரு சினை ஆடு,
ஒரு கூடைக் கோழி.
"இன்னா கடிச்சிது?" என்றார் கம்பவுண்டர்.
தெரியல.
"எத்தினி நாளா கீது?"
தூங்கி எழுந்தா இருந்திச்சு சார்.
டாக்டரம்மா தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று
கண்ணை மூடிக்கொண்டு தேடினார்.
உண்ணி ரத்தத்துல பூந்திருக்கலாம்,
கிட்னியா இருக்கலாம்,
உள்ள கட்டியாக்கூட இருக்கலாம்.
ஒவ்வொரு லாமுக்கும் ஓர் ஊசி.
சீட்டில் நோய் என்று அச்சடித்த இடத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார்.
அழகான கையெழுத்து.

சத்துவாச்சாரி டாக்டர்
அந்த மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார்.
யார் எழுதினது என்று கேட்டார்.
பெயரைச் சொன்னேன்.
அவங்க என் சீனியர், என்றவர்
பாதி மாத்திரை கொடுங்க என்றார்.
எக்ஸ்ரேயில் எலும்பு
வெள்ளையாக, ஒழுங்காக,
ஒன்றும் சொல்லாமல் இருந்தது.
எண்ணூறு ரூபாய்.

எங்கள் தெருவுக்கு இது புதுசில்லை.
தன்பாத், அகர்தலா, மால்டா,
இரண்டு ராத்திரி ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி
பழைய ஸ்கேன் உறைகளோடு ஏறி வருகிறவர்களுக்கு
நான்தான் பதிவேட்டை நீட்டுகிறேன்.
எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற கட்டத்தை
எல்லோரும் காலியாக விடுவார்கள்.
நிரப்புங்க என்று
அதட்டியிருக்கிறேன்.

இருநூற்று ஏழில் ஷெஃபாலி மண்டல்.
ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு
இடது கை, தோளிலிருந்து விரல் வரை.
படிக்கட்டில் உட்கார்ந்து
டோக்கனின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு
"ஃபோலா" என்றார்.
வீக்கம், என்றேன்.
தன் கையைக் காட்டி மறுபடியும், ஃபோலா.
கீழிருந்து மேலே நீவ வேண்டும்.
மேலிருந்து கீழே நீவினேன்,
புறங்கையில் ஓர் அடி விழுந்தது.
புரிந்துகொண்டேன்.

பூக்காரி பேபியிடம் கேட்டு வாங்கிய நூலில்
தினமும் கால் சுற்றளவு எடுத்தோம்,
ஒரு நாளுக்கு ஒரு முடிச்சு.
புதன் முடிச்சு கொஞ்சம் உள்ளே வந்தது.
வியாழன் வெளியே ஓடிவிட்டது.
வெள்ளிக்கிழமை, எந்த முடிச்சு எந்த நாளென்று
இருவருக்கும் சண்டை, இரண்டு மொழியில்.

பாலாற்றுக்கு அந்தாண்ட விட்டுட்டு வா, என்றார் முதலாளி.
கஸ்டமருங்க பயப்படறாங்க.
எந்த ரூம்காரர் என்று கேட்டேன்.
தண்ணி லாரி வந்துச்சா என்றார்.

ஆடி பிறந்து வீக்கம் பாதி வடிந்தது.
மாத்திரையா, பாதி மாத்திரையா, நீவலா,
கம்பவுண்டரிடம் கேட்டேன்.
"தானா வந்துது, தானா போவுது" என்றார்,
கையைக் கழுவிக்கொண்டே.
போகவும் இல்லை.
சாயங்காலம் கொஞ்சம் வருகிறது,
காலையில் கொஞ்சம் வற்றுகிறது.

ஷெஃபாலியை மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள்.
கிளம்புகிற அன்று
அதே நூலைத் தன் கையில் சுற்றி
பிடி, என்று கண்ணால் சொன்னார்.
சாவி ஆணியில் தொங்குகிற அந்த நூலில்
எல்லா முடிச்சுக்கும் தள்ளி ஒன்று இருக்கிறது.
அது நாயினுடையது அல்ல.

இன்று நாலு மணிக்கு டோக்கன்
மூன்றரைக் காலில் வரிசைக்குக் கிளம்பியது.
நிறுத்தி அழுத்திப் பார்த்தேன்.
ஆறு எண்ணுவதற்குள் குழி நிரம்பிவிட்டது.
ஏழாகவும் இருக்கலாம்.
நடுவில் ஒருவர் வெந்நீர் கேட்டார்.