மிச்ச ஜோடி

காசிமேட்டு ஷெட்டில்
எறா உரிப்பது குந்திக்கொண்டுதான்.
விடிகாலை மூன்றிலிருந்து பத்துவரை,
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
ஒரு மார்கழியில் எழுந்து நின்றேன்.
இடது பாதம் எழவில்லை.

வலி இல்லை. அதுதான் பயம்.
முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாய் ஒரு நரம்பு,
மடக்கி மடக்கி நசுக்கிவிட்டாய் என்றார் டாக்டர்.
பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற ஆள்
வேலைக்கு வரவில்லை என்று புரிந்துகொண்டேன்.

அதன்பிறகு தரையெல்லாம் படி.
பாய் ஓரம், ரேஷன் கடை வாசல் சாக்கு,
கொருக்குப்பேட்டை கேட்டில் தண்டவாளம்,
பெருவிரல் எல்லாவற்றையும் இடறி விசாரித்தது.
முட்டியை உயரத் தூக்கி நடந்தேன்,
இல்லாத தண்ணீரில் இறங்குகிறவள் போல.
"ஜெசிந்தாக்கா கொக்கு மாரி வருது"
என்றார்கள் தெருப் பசங்கள்.
பொய் இல்லை, அப்படித்தான் வந்தேன்.

ஸ்டான்லியில் நிரோஷா என்கிற பெண்
காலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு
காய்ந்ததும் கிழித்தெடுத்தாள்.
உள்ளே காலியிடமாய் என் கெண்டைக்கால்.
அந்தக் குழியில் மாவு ஊற்றி, அரம் போட்டு,
அப்பளம்போல் சூடேறிய பிளாஸ்டிக்கை அதன்மேல் போர்த்தி
வெட்டிக் கொடுத்தாள்:
முட்டிக்குக் கீழிருந்து விரல்வரை
வாழைமட்டையை மடித்த மாதிரி, வெள்ளையாக.
"சாக்ஸ் இல்லாம போடாதீங்க.
கழட்டினா செவப்பா இருக்கும்.
இருபது நிமிஷத்துல மறையலேன்னா
வந்துடுங்க, தேய்ச்சுத் தர்றேன்."
இரண்டுமுறை போனேன்.
கணுக்கால் எலும்பிடம் அரை அரிசி அளவு தேய்த்தாள்.
மூன்றாவது முறை சும்மா அவளைப் பார்க்கப் போனேன்,
நடந்து காட்ட.

செருப்பில் அது நிற்காது. ஷூ வேண்டும்,
பின்பக்கம் மூடி, வாய் அகலமாய்.
வலதுக்கு ஆறு. மட்டையோடு இடதுக்கு எட்டு.
எம்.சி. ரோட்டில் கடைக்காரர் சிரித்தார்:
"ஒத்தையா எடுத்துக் குடுக்க
இது இன்னா வாழக்காயாம்மா?"
இரண்டு ஜோடி வாங்கினேன்.
ஆம்பிளை மாடல், கறுப்பு, வெல்க்ரோ.
பத்து நாள் கூலி இரண்டு அட்டைப்பெட்டியில்.

மிச்சம்: இடது ஆறு, வலது எட்டு.
அந்த எட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.
இடது ஆறை மட்டும்
மாதம் ஒருதரம் எடுத்துத் துடைப்பேன்.
நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்று
டாக்டர் சொல்லியிருந்தார்.
வளர்ந்தால், என்றும் சொல்லியிருந்தார்.
என் மகன் ஸ்கேலை முட்டியில் வைத்து
கணுக்கால்வரை அளந்து பார்த்தான்.
அவன் கணக்குப்படி போன மார்கழிக்கே வந்திருக்கணும்.
இது ஆடி.

நேற்று நிரோஷாவின் அறைக்கு வெளியே, பெஞ்சில்,
ஒரு மீன்பாடி வண்டிக்காரர். வலது காலில் மட்டை.
மகிமைதாஸ், எர்ணாவூர். லாரி மோதி ஒரு வருஷம்.
ஷூ இல்லை; மட்டைக்கு மேல்
சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்.
"இன்னா சைஸு?" என்றேன்.
ஆம்பிளைக்குச் சொல்லக் கூச்சம் போல.
"ஆறு."
"மட்டையோட?"
"எட்டுன்றாங்கோ."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
டீ வாங்கித் தந்தார், குடித்தேன்.
பேர் கூப்பிட்டதும் எழுந்து போனார்.
போன விதத்தில் என் கொக்கு தெரிந்தது.
ராத்திரி மாதா படத்துக்குக் கீழே
பெட்டியைத் திறந்து, மூடி, திறந்தேன்.

இன்று எடுத்துப் போனேன்.
பாதி விலை சொன்னேன்.
எண்ணிக் கொடுத்தார், இருபது ரூபாய் குறைவு.
வலதை உடனே கொடுத்துவிட்டேன்.
இடதுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.
"என் காலு திரும்பி வந்துச்சுன்னா
இத்தத் திருப்பிக் கேப்பேன்."
வெல்க்ரோவைப் பிரித்து, ஒட்டி, மறுபடி பிரித்தபடி
"நடுரோடுன்னாலும் கழட்டித் தரேன்கா" என்றார்.

திரும்பும்போது கேட் போட்டிருந்தது.
சரக்கு வண்டி. ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணினேன்.
எண்ணிக்கொண்டே ஷூவுக்குள், யாருக்கும் தெரியாமல்,
பெருவிரலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன்.
கேட் திறந்தது.