எம். போஜன் எழுதியவை

கோத்தகிரி கிளை நூலகத்துக்குக்
கணினி வந்த வாரம்
யோகராணி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்:
"சார், நீங்க பதினொரு புஸ்தகம் எழுதியிருக்கீங்க."

நான் எழுதியது ஒன்று.
அறுபத்து நாலு பக்கம்.
மேட்டுப்பாளையத்தில் அச்சடித்து
பஸ் கூரையில் மலையேற்றிய முந்நூறு பிரதி.
இருநூற்று எழுபது
இன்னும் கட்டிலுக்கடியில்
ஈரம் குடித்துக்கொண்டிருக்கின்றன.

திரையில் வரிசையாக வந்தேன்.
உருளைக்கிழங்கில் நூற்புழு: தடுப்பும் தீர்வும்.
சிறு வணிகருக்கு வருமான வரி.
சிலுவையடியில் நாற்பது நாள்.
கறுப்புக் கையுறை, பாகம் இரண்டு
(பாகம் ஒன்று எந்தப் போஜனிடம் இருக்கிறதோ).
பசுந்தேயிலைக்கு விலை கேட்டு ஒரு சிறுபிரசுரம்,
மூட்டுவலிக்கு ஆசனங்கள்,
மோட்டாருக்குச் சுருள் கட்டுவது எப்படி...
நடுவில்,
பல்லிடுக்கில் சிக்கிய சோம்பு மாதிரி
என் கவிதைகள்.

யாரையும் குறை சொல்ல முடியாது.
கட்டபெட்டு மினிபஸ்ஸில்
"போஜா" என்று ஒருவர் கத்தினால்
நாலு தலை திரும்பும்,
டிரைவர் பிரேக் பிடிப்பார்.
மாதனும் மல்லனும் முருகனுமான எங்கள் அப்பன்கள்
எம் என்ற ஒரே எழுத்துக்குள்
மழைக்கு ஷெட்டில் நிற்பவர்களைப்போல
ஒண்டிக்கொண்டார்கள்.

பிறந்த வருஷம் போட்டால் பிரிந்துவிடுமாம்.
"பிரிச்சிடட்டுமா சார்?"
இருக்கட்டும் என்றேன்.
உண்மையைச் சொன்னால்
அந்தப் பதினொன்று எனக்குப் பிடித்திருந்தது.

ஆடிச் சாரலில் ஒரு கடிதம் வந்தது,
நூலக முகவரிக்கு, கேத்தி பாலாடாவிலிருந்து.
நேரில் தெரிந்த ஒரே போஜன் நான் என்பதால்
யோகராணி எனக்கே கொடுத்தார்.
"ஐயா, நீங்கள் எழுதியபடி
புழு விழுந்த நிலத்தில் கிழங்கை நிறுத்தினேன்.
கோஸ் போட்டேன், பூண்டு போட்டேன்.
மூன்று வருஷம் முடிந்தது.
இனி விதைக்கலாமா?
வளையல் அடகில் இருக்கிறது.
இப்படிக்கு, காக்கமல்லன்."

கிழங்குப் பூவைப் பற்றி
என்னிடம் ஒரு கவிதை உண்டு.
அதில் புழு இல்லை.

இரண்டு சாயங்காலம்
வாசிப்பறை மூலையில் உட்கார்ந்து
அந்தப் போஜனைப் படித்தேன்.
வேரில் ஒட்டிய பொன்னிற முத்துகள்,
கடுகைவிடச் சிறியவை,
ஒவ்வொன்றுக்குள்ளும் முந்நூறு முட்டை.
தனக்கான வேர் வரும்வரை
இருபது வருஷம்கூட
மண்ணுக்குள் பேசாமல் கிடக்குமாம்.
இந்த வரியை நான் எழுதவில்லையே என்று
வயிறு எரிந்தது.
அப்புறம்தான் நினைவு வந்தது,
திரையில் அதுவும் நான்தான்.

பதில் போட்டேன்:
"மண்ணைப் பரிசோதிக்காமல் விதைக்க வேண்டாம்.
பக்கம் நாற்பத்தொன்று பார்க்கவும்.
வளையல் இன்னொரு போகம் பொறுக்கட்டும்.
எம். போஜன்."
கை கூசவில்லை.
பெயரில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.

என் பத்தொன்பதாம் பக்கத்தைப் படித்துவிட்டு
யாராவது எழுதியிருந்தால்
அது எங்கே போயிருக்கும்?
குன்னூரில் ஒரு வரி ஆலோசகர்
மார்ச் மாத ஃபைல்களுக்கு நடுவே அதைப் பிரித்து
எந்தக் கணக்கில் எழுதுவதென்று
தலையைச் சொறிந்திருப்பார்.
பதில் போட்டிருப்பாரா?
என்னைவிட நல்ல பதிலாக இருந்திருக்குமா?

நூற்புழுவை வீட்டுக்கு எடுத்துப்போக
உறுப்பினர் படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.
யோகராணி தட்டிப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்.
"சார், நீங்க ஏற்கெனவே இருக்கீங்க.
ஒரு புஸ்தகம் திரும்ப வரலை,
எட்டு மாசமா."

எது என்றேன்.
திரையைத் திருப்பினார்.
அறுபத்து நாலு பக்கம்.

அபராதத்தைக் கட்டினேன்.
இன்னும் எட்டு மாசத்துக்கும்
சேர்த்து வாங்கிக்கொள்வீர்களா
என்று கேட்டேன்.