சங்கிலிக்குள் மழை பெய்யாது

பன்னிரண்டு வரிகள்தான் உள்ளே.
அதற்கு மேல் வைத்தால்
ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம்.
கேஸ் என்கிறார்கள் அதை.
புஸ்பவேணி அக்காவிடம் சொன்னபோது
"எந்தத் தோங்கு, பதினாலு கிலோவா?" என்றார்.

வெண்பா கட்டுகிறவளைப்போல் அசை எண்ணினேன்.
தளை என்றால் சங்கிலியும்தான்.
யார் இந்த மாதம் பத்து ரிங்கிட் கட்டினார்,
எத்தனை மில்லிமீட்டருக்கு எவ்வளவு,
கொடு,
கொடுக்காதே.
அவ்வளவுதான் உள்ளே போனது.

மற்றதெல்லாம் வெளியே,
வாடகை சர்வரில், இரண்டாயிரம் வரியாக வளவளத்துக்கொண்டு:
பத்து நிமிடத்துக்கொருமுறை மழைமானியைத் தட்டிக் கேட்பது,
பதில் வராவிட்டால் மறுபடி கேட்பது,
கடைக்காரர் பெயர், ஐசி எண், நனைந்த கடையின் படம்.
படத்தின் கைரேகை மட்டும் உள்ளே,
அறுபத்து நான்கு எழுத்தில்.

உள்ளே இருப்பதைத் திருத்த முடியாது.
உள்ளே ஜன்னலும் கிடையாது.
மழை பெய்ததா என்று அதற்குத் தெரியாது,
யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.
அந்த யாராவதைத்தான்
ராத்திரி ராத்திரியாக எழுதினேன்.

செந்தூல், செவ்வாய்க்கிழமை பசார் மாலாம்.
மாலை ஆறு நாற்பது.
கவிழ்த்து ஊற்றியது வானம்.
ஒரு கையால் பிளாஸ்டிக்கை இழுத்துப் பிடித்தபடி
மறு கையால் காணொளி எடுத்து அனுப்பினார் அக்கா.
புட்டுமாயம் கூழாகிக் கிடக்கிறது,
தேங்காய்ப்பூ சாக்கடைப் பக்கம் மிதந்து போகிறது,
பக்கத்துக் கடை விளக்கு அணைகிறது.

மழைமானி இருப்பது கெப்போங்கில்,
ஒரு பள்ளிக்கூடக் கூரைமேல்.
அங்கே வெயில்.
சுழியம் என்றது மானி.
அந்தச் சுழியத்தைச் சிந்தாமல் சிதறாமல் சுமந்துபோய்
உள்ளே வைத்தன என் வரிகள்.
உள்ளே பன்னிரண்டும் அப்பழுக்கில்லாமல் ஓடி
கொடுக்காதே என்றன.

பிழை எங்கே என்று மூன்று முறை பார்த்தேன்.
இல்லை.

மறுநாள் அவர் ஃபிளாட்டுக்குப் போனேன்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஒன்பது மாடி.
ஏறும்போதெல்லாம் சமாதானம் தயாரித்தேன்.
"உன் கணக்கு சரிதாம்மா.
மழைதான் எங்க லோரோங்குக்கு மட்டும் வந்திருக்கு"
என்று சொல்லிப் பொட்டலம் கட்டினார்.
நாற்பது ரிங்கிட்டை மேசையில் வைத்தேன்.
எடுத்து என் பையில் திணித்தார்.
"ஒப்பந்தம் உன்கூட இல்லையே."

மூன்று மானி வை, நடு எண்ணை எடு என்றாள் ஹூய் மின்.
எடுத்தேன்.
புதிய ஒப்பந்தம், புதிய முகவரி.
பழையதை யாரும் அழிக்க முடியாது.
நாங்கள் எல்லாரும் போன பிறகும் இருக்கும்,
ஒரு செவ்வாய்க்கிழமை,
அக்கா என்று யாருக்கும் தெரியாத ஒரு நீள எண்,
அதற்கு எதிரே சுழியம்.

காணொளி சர்வரில் இருக்கிறது.
டிசம்பர் வரை வாடகை கட்டியிருக்கிறேன்.