ரப்பர் ஷீட்டின் மேல் நிற்கிறவன்

கரண்டு வேலை எனக்குத் தெரியும்.
டியூப் லைட்டுக்குச் சோக்கு மாற்றுவேன்,
மிக்ஸி கருகினால் மோந்து பார்த்தே
எங்கே போயிற்று என்று சொல்வேன்.
அருமனையில் ஏழெட்டு வீட்டு ஃபேன்கள்
நான் போட்ட கண்டன்சரில்தான் சுற்றுகின்றன.

ரப்பர் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவன்
இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டால்
ஸ்டூலுக்குக் கீழே காட்டுவேன்:
நாலாக மடித்த ஒரு ஷீட்,
புகைப்புரை மணம் இன்னும் போகாதது.
"இதுமேல நின்னா
எமன் தொட்டாலும் ஷாக் அடிக்காது."

ஆனி மழை விடாமல் பெய்த வாரம்
றோஸ்லெட் சொன்னாள்,
"குளிமுறிக் குழாயில என்னமோ கடிக்குது."
எறும்பாயிருக்கும் என்றேன்.
மறுநாளும் சொன்னாள்.
நரம்புத் தளர்ச்சி, டாக்டரைப் பார் என்றேன்.
மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை.
தோர்த்தைக் கையில் சுற்றிக்கொண்டு
குழாயைத் திருகினாள்.

டெஸ்டரை வைத்தேன்.
மங்கலாக ஒரு சிவப்பு.
ஷவர் கம்பியிலும் அதே சிவப்பு.
டெஸ்டர்தான் கெட்டிருக்கும் என்று
இன்னொரு டெஸ்டர் எடுத்து வந்தேன்.

மெயினை அணைத்து போர்டைத் திறந்தேன்.
சிவப்பு, கறுப்பு, பச்சை,
பிறகு எந்தக் காலத்திலோ
கையில் கிடைத்ததை வைத்து நான் இழுத்த ஒரு மஞ்சள்.
சுவருக்குள் நுழைந்த பிறகு
எது எங்கே போகிறது?
என் காலுக்குக் கீழே ஷீட் இருந்தது.
குளிமுறியில் அவள் நிற்பது
ஈர சிமென்டில், வெறுங்காலோடு.

ஸ்டூலை விட்டு இறங்கி
போனைத் தேடினேன்.

பினுகுமாருக்கு என் மூத்தவள் வயதுதான் இருக்கும்.
வாசலில் செருப்பைக் கழற்றப் போனவன்
"மன்னிக்கணும் அக்கா" என்று
அதோடே உள்ளே வந்தான்.
அரைமணி நேரம் ஒரு வயரைத் தொடவில்லை.
கேள்விதான். எப்ப தொடங்கிச்சு?
ஹீட்டர் போட்டாலா, போடாமலுமா?
அவளிடம்தான் கேட்டான், என்னிடமில்லை.
அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
ஹீட்டர் போட்ட பிறகுதான்.
நனைஞ்ச கைக்குக் கூடுதல்.
போன செவ்வாய் முழங்கை வரைக்கும் ஏறிச்சு.
அந்தச் செவ்வாயை
நான் அப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஹீட்டர் காயில் வெடித்திருந்தது.
அயனி மரத்து மூட்டில் எர்த் கம்பி
இழுத்ததும் துருவாய்க் கையோடு வந்தது.
கடைசியாக போர்டு.
"ஈ.எல்.சி.பி.யைச் சுத்தி வெளியவழியா
வயர் சேத்துக் கட்டியிருக்கே, யாரு செய்தது?"

கறுப்பு டேப், மூன்று சுற்று,
நுனி உள்ளே மடித்தது.
இரண்டு வருஷம் முன்பு ஓர் இடிமழை ராத்திரி
அது ஐந்து தடவை விழுந்தது.
ஆறாவது தடவை
நான் அதன் வாயை அடைத்தேன்.

"பழைய எலக்ட்ரீஷியன்" என்றேன்,
"இப்ப கல்ஃபுல."
"நல்ல கை. கட்டு இறுக்கமாத்தான் இருக்கு" என்றான்,
மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வெட்டினான்.
றோஸ்லெட் சாயா கொண்டு வந்தாள்.
எனக்கு வந்ததில் மட்டும் சீனி இல்லை.

கேட்ட கூலியைக் கொடுத்தேன்.
ஷீட்டைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய்
மிதிபட்டது, நாலாம் தரம் என்று
நானே பேரேட்டில் எழுதினேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
டக்கென்று வீடு இருண்டது.
கை பழக்கத்தில் மேசை இழுப்பறைக்குப் போனது.
"விழுந்துதா?" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து.
"விழுந்துது."
"கிடக்கட்டும். காலையில அந்தப் பையனைக் கூப்பிடும்."

இழுப்பறையை மூடினேன்.
ஓட்டின் மேல் மழை.
ஃபேன் தானாய் மெல்ல மெல்ல
நின்றுகொண்டிருந்தது.